மூன்றரை அடி

பதினொன்றாவது நாளாக
இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
பெரியமேட்டில் காலை ஆறரை மணி.
குளோரின் வாசம், நனைந்து கனக்கும் லெக்கிங்ஸ்,
காதை மடக்கிப் பிடிக்கும் நீல ரப்பர் தொப்பி.
பதினான்கு பெண்கள் வரிசையாக,
கொடியில் போட்ட துணிபோல.

"காலை மட்டும் அடிங்க" என்கிறார் எழில் மேடம்.
அடிக்கிறோம்.
"முகத்த உள்ள விடுங்க. பத்து எண்ணுங்க."
நான் இருபத்தேழு எண்ணிவிட்டு வெளியே வருகிறேன்.
அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது.
நான்காம் நாளே தெரிந்துவிட்டது.
விட்டால் போய்விடுவேன்,
எதிர்ச்சுவரில் சிவப்பு எழுத்தில்
ஒன்பது அடி என்று எழுதியிருக்கும் இடம் வரை.
விட மாட்டார்.
"பேட்ச்னா பேட்ச்தாம்மா.
எல்லாரும் மூஞ்சிய விட்டாத்தான் கம்பிய விடலாம்."

எல்லாரும் என்றால் பிலோமினா.

பதிமூன்று முகங்கள் தண்ணீருக்குள் போய் வர
அவள் முகம் மட்டும்
அரை அங்குலம் மேலேயே நிற்கும்,
சூடான டீயை ஊதுகிறவள் மாதிரி.

பேசின் பிரிட்ஜில் நிற்கும் ரயில் தெரியுமல்லவா?
இரவெல்லாம் ஓடி வந்து,
நாம் பல் துலக்கி, செருப்பு மாட்டி,
பெட்டியை வாசலுக்கு நகர்த்திய பிறகு
சென்ட்ரலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்
சும்மா நிற்குமே, அது.
அதன் வாசலில் நிற்கிறவள் நான்,
பதினொரு நாளாக.

புதிதில்லை எனக்கு இது.
ஐந்தாம் வகுப்பு பி பிரிவில்
வகுத்தல் கணக்கை முதலில் முடித்தால்
கிடைத்த பரிசு இதுதான்:
"முடிச்சவங்க கை கட்டி உக்காருங்க."
கை கட்டியே வளர்ந்தேன்.
கடைசி பெஞ்ச் முடிக்கும்வரை
மெதுவாய்ச் சுற்றிய மின்விசிறியின்
சுற்றுகளை எண்ணினேன்.
அப்போது பழகிய எண்ணிக்கைதான்
இப்போது இருபத்தேழு வரை மூச்சடக்குகிறது.

இங்கே எண்ணுவதற்கு ஓடுகள்.
என் பக்கச் சுவரில் நூற்று நாற்பத்தாறு.
மூன்று உடைந்தவை.

உடை மாற்றும் அறையில்
பிலோமினாவுக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.
வெள்ளத்தில் யாரையோ பறிகொடுத்திருப்பாள்
என்றார் வங்கி வேலை பார்க்கும் ஷகிலா பானு.
சின்ன வயதில் கிணற்றில் விழுந்திருப்பாள்
என்றாள் கல்லூரிக்குப் போகும் யாழ்மொழி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எவ்வளவு பெரிய துயரமானாலும்
அவளும் எங்களோடு பணம் கட்டியிருக்கிறாளே,
பன்னிரண்டு நாளுக்குள் முடித்துக்கொள்ளக் கூடாதா
என்று நினைத்தேன்.
ஆம், நினைத்தேன்.

ஒருநாள் கேட்டே விட்டார்கள்.
"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.
மூக்குல ஏறுது, எரியுது. அவ்ளோதான்."
காசிமேட்டுலேருந்து வர்ற, தண்ணி எரியுதா?
"கடல் அவருக்கு. எனக்கு மீனு."

ஈரத் துண்டுகளோடு எல்லாரும் சிரித்தோம்.
எனக்குத்தான் கோபம் இறங்கவில்லை.
ஒரு வெள்ளமாவது இருந்திருந்தால்
மன்னித்திருப்பேன்.

இன்று எழில் மேடம்
ரசீதுப் புத்தகத்தைத் தேடிப் போன நேரம்
கம்பியை விட்டேன்.

போனேன்.
உண்மையாகவே போனேன்.
கால்கள் சொன்னது பொய்யில்லை,
ஒரு புடவை நீளத்துக்கு
தண்ணீர் எனக்கு வழிவிட்டது.
பிறகு கைகள் ஞாபகம் வந்தன.
கைகளை என்ன செய்வதென்று
இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டிக்கொண்டேன்.

மூன்றரை அடியில் யாரும் சாவதில்லை.
கால் ஊன்றி எழுந்தால் இடுப்பளவுதான்.
ஆனால் மூக்கு, நெற்றி, காதின் உள்பக்கம் எல்லாம்
கடுகு தாளித்த மாதிரி.
இருமி முடிக்கும்வரை
பதின்மூன்று தொப்பிகளும் திரும்பிப் பார்த்தன.

பிலோமினா மட்டும் கேட்டாள்,
கிண்டல் இல்லாமல்,
ஒரே ஊர்க்காரியைக் கண்டுபிடித்தவள் போல:
"எரியுதுல்லக்கா?"

எரிந்தது.
கம்பியில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.
பிடித்துக்கொண்டேன்.

பொறுமை வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.
நாளையோடு வகுப்பு முடிகிறது.
தொப்பிக்கு மட்டும் நூற்றெண்பது ரூபாய்.